நுங்குக்காரி வளைவு

காலை ஆறரை மணிக்குப் பேச்சிமுத்து ரயில் கேட்டடிக்கு வந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆடி பிறந்து நாலு நாள். குற்றாலத்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் பாவூர்சத்திரம் வரைக்கும் வெளிச்சம் செத்துவிடும். விடிந்ததா அடைந்ததா என்று கோழிக்கே குழப்பம் வரும். அவன் தோளில் தொங்கிய பையில் சுத்தியல், ஸ்பேனர், இரண்டு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, ஒரு தகர டப்பாவில் தண்டவாளப் பட்டாசு: ஆபத்து நேரத்தில் சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை நிறுத்தச் சொல்வது. பையின் வாரில் ஒரு சின்னப் பெட்டி. அது ஜி.பி.எஸ். பெட்டி. ஆள் எங்கே நடக்கிறான் என்று ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற கோள்மூட்டி.

பேச்சிமுத்து ரயில்வேயில் கீமேன். தினமும் ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்து, சுத்தியலால் தட்டி, தளர்ந்ததை இறுக்குவது அவன் வேலை. தண்டவாளத்தைச் சிலீப்பர் கட்டையோடு பிடித்து வைத்திருப்பது கையளவு இரும்புக் கொக்கி. ஒரு கட்டைக்கு நாலு. படித்தவர்கள் அதைக் கிளிப் என்பார்கள். ஆயிரம் பேரைச் சுமந்து வருகிற வண்டி அந்தக் கொக்கியை நம்பி ஓடுகிறது. கொக்கி கீமேனை நம்பிக் கிடக்கிறது.

கேட்கீப்பர் அனுசியா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வாய்க்கு மட்டும் இருபது வருஷ சர்வீஸ்.

"என்ன அண்ணாச்சி, குடை கொண்டாரலியா?"

"குடையப் பிடிச்சா கொடிய எவன் பிடிப்பான்?"

"அதுவும் சரிதான். நேத்து ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. ஆலங்கரை வளைவுல வண்டி ஒரு உதறு உதறுதுன்னு டிரைவர் சொன்னாராம். பாத்தீகளான்னு கேட்டாக."

"பாத்தாச்சுன்னு சொல்லு."

"என்னவாம்?"

"மழைக்கு ஜல்லி எறங்கிருக்கும். வேறென்ன."

"அப்ப அந்த டொக்கு டொக்குச் சத்தம்?"

பேச்சிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தான். "ஒனக்குச் சோலி கேட்ட அடைக்கது. அத மட்டும் பாரு."

"நான் கேட்டத்தான் அடைக்கேன். ஊரு வாய யாரு அடைக்க?" என்று அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கேட்டிலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டரில், ஆலங்கரை ஊருக்குப் பின்னால், ஓடைக்கும் வாழைத்தோப்புக்கும் நடுவே தண்டவாளம் வளைகிறது. முன்னெல்லாம் அதற்குத் தனிப் பேர் கிடையாது. வைகாசிக் கடைசியிலிருந்து ஊர் அதை நுங்குக்காரி வளைவு என்கிறது.

நுங்குக்காரி என்றால் பூலம்மா. இரண்டு காதும் கேட்காது. நுங்குக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போகிறவள். ஒருநாள் காலை வண்டி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. டிரைவர் அடித்த ஹாரன் ஆலங்கரை முழுக்கக் கேட்டது, அவளைத் தவிர.

கீமேன் வேலையில் எந்தப் புத்தகத்திலும் எழுதாத ஒரு வேலை உண்டு. அடிபட்டவர்களைப் போலீஸ் வரும்வரை காத்துக் கிடந்து, வந்த பிறகு எடுத்துக் கொடுப்பது. இருபத்திரண்டு வருஷத்தில் பேச்சிமுத்து ஒன்பது பேரை எடுத்துக் கொடுத்திருக்கிறான். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். பூலம்மாவை எடுத்த அன்றைக்குச் சாப்பிடவில்லை. முந்தின நாள்தான் அவள் கையால் நுங்கு சீவி வாங்கித் தின்றிருந்தான். ஜல்லிக்குள் அவளுடைய அரிவாள் நட்டமாக நின்றது, யாரோ நிதானமாக ஊன்றி வைத்துவிட்டுப் போனதுபோல.

அஞ்சாம் நாள் முதல் சாரல் பெய்தது. அன்றைக்கு ஆரம்பித்தது அந்தச் சத்தம். வண்டி வளைவில் ஏறும்போது ஒரு டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். நுங்கு சீவுகிற சத்தம். வண்டி போய் முடிந்த பிறகும் இரண்டு மூன்று டொக் கேட்கும்.

ஓடைத் தண்ணீர் மண்ணை அரித்து, கட்டைக்கு அடியில் பள்ளம் விழுந்து, கட்டை அந்தரத்தில் தொங்க ஆரம்பித்தால் அந்தச் சத்தம் வரும். இது பேச்சிமுத்துவுக்குத் தெரியாததா? தெரியும். மண்டைக்குத் தெரியும். கால்தான் கேட்கவில்லை.

வளைவுக்கு முன்னால் இறங்கினால் வாழைத்தோப்பு. தோப்புக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை, தண்டவாளத்துக்கு முப்பதடி தள்ளி, அதோடு சேர்ந்தே வளைந்து போய் மறுபடி மேலே ஏறும். பேச்சிமுத்து ஒருநாள் அந்த வழி போனான். மறுநாளும் போனான். அப்புறம் அதுவே வழியாகிவிட்டது. கோள்மூட்டிப் பெட்டியும் ஆபீசுக்கு ஒழுங்காகத்தான் சொன்னது, ஆள் போகிறான், ஆள் வருகிறான் என்று. முப்பதடி வித்தியாசம் அதன் கண்ணில் படவில்லை. நோட்டில் அவன் எழுதினான்: பார்த்தேன், சரி. முப்பது நாள் அப்படியே எழுதினான்.

வேறு சமயமாக இருந்தால் தண்டவாளத்தைச் செப்பனிடுகிற கேங் ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் வந்திருப்பார்கள். அந்த மாதம் அத்தனை பேரையும் செங்கோட்டைக்கு அப்பால் மலைப்பாதையில் சரிந்த மண்ணை அள்ளக் கூட்டிப்போயிருந்தார்கள். தண்டவாள இன்ஸ்பெக்டர் ஒருதரம் எஞ்சினில் ஏறிப் போனவர், "என்னய்யா, வளைவு ஆடுதே, பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன் சார்" என்றான். அவரும் விட்டுவிட்டார். கீழே இருக்கிறவன் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், மேலே இருக்கிறவனுக்குச் சோறு இறங்கும்.

அனுசியாவிடம் பேசிவிட்டு வந்த அன்றைக்கும் வழக்கம்போல வளைவுக்கு முன்னால் இறங்கித் தோப்புக்குள் நுழைந்தான். வாழை இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் மேட்டில் தண்டவாளம். அந்தப் பக்கத்துக் கண்ணை அவன் ஏறக்குறைய மூடிக்கொண்டுதான் நடப்பான். எங்கிருந்தோ எலுமிச்சை அழுகின வாடை வந்தது. தோப்பில் எலுமிச்சை மரம் கிடையாது. அவன் நடையை எட்டிப் போட்டான்.

பாதித் தோப்பு தாண்டுவதற்குள் காலை வண்டி வந்துவிட்டது. மேகத்துக்குள் ஜன்னல் விளக்குகள் மங்கலாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. உள்ளே இருந்த முகங்கள் உடம்பில்லாத முகங்களாகத் தெரிந்தன. சத்தம் கேட்டது. ஆனால் பழைய சத்தம் இல்லை. ஒரு அரிவாள் இல்லை, பத்துப் பன்னிரண்டு அரிவாள் சேர்ந்து சீவுகிற மாதிரி. வாழைமரம் அவன் கைக்கு அடியில் அதிர்ந்தது. வண்டி போன பிறகும் மேட்டில் அது அடங்க நேரமாயிற்று. பேச்சிமுத்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டமும் நடையுமாக மறுபக்கம் ஏறினான். நோட்டை எடுத்தான். நனைந்த தாளில் எழுதினான்: பார்த்தேன், சரி.

பத்தேகால் மணிக்கு ஆலங்கரையில் இருக்கிற தன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வாசற்படியில் கால் வைத்தபோது படி லேசாக ஆடியது. குனிந்து பார்த்தான். நிலைக்கு அடியில் சிமெண்டைக் கொத்திப் புதிதாகப் பூசியிருந்தது. சாரல் தண்ணீர் உள்ளே இறங்கி மஞ்சளாகக் கசிந்து வந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் முனையால் நோண்டினான். மஞ்சள் துணி சுற்றின ஏதோ ஒன்று. அவிழ்த்தான்.

தண்டவாளக் கொக்கி.

வளைவில் இருக்கிற கொக்கிக்கு மட்டும் அவன் பங்குனியில் கிரீஸ் தடவிவிட்டு நீலப் பெயிண்டில் ஒரு சொட்டு வைப்பான். அந்த நீலச் சொட்டு அப்படியே இருந்தது.

"ஏட்டி மாடத்தி."

அவன் மனைவி சட்டியைக் கையில் பிடித்தபடி வந்தாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அத ஏன் எடுத்தீக? எடுக்கக் கூடாதுல்லா. நாப்பத்தெட்டு நாளு மண்ணுக்குள்ள இருக்கணும்னுல்லா கோடாங்கி சொல்லிருக்காரு."

"எந்தக் கோடாங்கி?"

"பண்பொழிப் பக்கம் இருந்து பேயோட்ட வந்தாருல்லா, சுடலைமுத்துக் கோடாங்கி. ரயிலுக்கு எரையானவள ரயில் இரும்புதான் கட்டும்னாரு. அதுவும் அவ விழுந்த எடத்துக் கொக்கியா இருக்கணும். நெலைக்குக் கீழ பொதச்சா வாசல்ல ஏற மாட்டா." அவள் குரல் இறங்கியது. "எனக்கா பொதச்சேன்? நீங்கதான் தெனமும் அந்த வளைவுல நடக்கீக. உங்க பொறத்தாலயே வீட்டுக்கு வந்துறக் கூடாதேன்னு பொதச்சேன்."

பேச்சிமுத்து கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"திருடலைங்க. எடுத்த எடத்துல ஒரு எலுமிச்சம்பழம் வச்சிட்டுத்தான் வந்தேன். எல்லாரும் அப்படித்தான் வச்சாக."

"எல்லாரும்னா?"

"நம்ம தெரு முச்சூடும். மேலத்தெருவுலயும்."

"எத்தன வீடு?"

"நாப்பது இருக்கும்" என்றாள் மாடத்தி. "ஏன், அவ்வளவு இரும்புல நாப்பது எடுத்தா என்ன?"

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பத்து இருபத்தெட்டு. சீசன் நேரத்து வண்டி பத்து நாற்பதுக்கு வளைவைத் தாண்டும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற கூட்டம். குழந்தை குட்டி, துண்டு, எண்ணெய்க் குப்பி எல்லாம் அதில்தான் வரும்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஓடிக்கொண்டே அனுசியாவுக்குப் போன் அடித்தான். இரண்டு தரம் அடித்தும் அவள் எடுக்கவில்லை. கேட்டை அடைக்கிற நேரம். மூன்றாம் தரம் எடுத்தாள்.

"தாயி, வண்டிய நிறுத்தச் சொல்லு. ஸ்டேஷனுக்குச் சொல்லு. வளைவுல கொக்கி இல்ல."

"கொக்கி இல்லியா? காலையில பாத்தாச்சுன்னு..."

"பாக்கலட்டி. நான் பாக்கல."

அவள் குரல் வேறு குரலாக வந்தது. "அண்ணாச்சி, வண்டி இப்பத்தான் கேட்டத் தாண்டுது. கடைசிப் பெட்டி போகுது."

நாலு கிலோமீட்டர். மேகம் கவிந்திருப்பதால் டிரைவர் கொஞ்சம் நிதானமாக வருவார். ஐந்து நிமிஷம் இருந்தால் பெரிய விஷயம்.

முப்பது நாளாகப் போகாத மேட்டில் பேச்சிமுத்து ஏறினான். மேகம் தண்டவாளத்தின்மேல் படுத்துக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதலில் வாடைதான் வந்தது. பிறகு கண் பழகியது.

கட்டைக்குக் கட்டை எலுமிச்சம்பழம். கொக்கி இருந்த துவாரத்தில் அமுக்கி அமுக்கி வைத்திருந்தார்கள். சிலது சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது. சிலது அழுகிப் பூசணம் பூத்திருந்தது. சிலது இன்றைக்குப் பறித்தது மாதிரி மஞ்சளாக இருந்தது. குங்குமம் வழிந்து கட்டையெல்லாம் சிவப்பு. தண்டவாளத்தைக் காலால் தள்ளினான். தள்ளினால் நகர்ந்தது. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி நகர்ந்தது. காலையில் இதன் மேல்தான் ஒரு வண்டி போயிற்று. முப்பதடி தள்ளி நின்று, முருகா முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு, அதை அனுப்பிவைத்தவன் அவன்தான்.

டொக்.

அவன் திரும்பிப் பார்த்தான். வண்டி இல்லை. யாரும் இல்லை.

டொக். டொக்.

மேகத்துக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு பொம்பளை தண்டவாளத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. குனிந்த தலை. முன்னால் ஒரு சின்னக் கடகம்.

பேச்சிமுத்து நின்றுவிட்டான். முப்பது நாளாக எதைப் பார்த்துவிடக் கூடாது என்று தோப்புக்குள் புகுந்து புகுந்து போனானோ, அது தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. திரும்பி ஓடிவிடலாம். மேட்டிலிருந்து குதித்தால் தோப்பு. யாருக்கும் தெரியாது. நோட்டில் காலையிலேயே எழுதியாயிற்று.

வண்டி வருகிற திசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டாமல் வண்டிக்குக் கொடி காட்ட முடியாது.

பேச்சிமுத்து நடந்தான். ஒரு கட்டை, இன்னொரு கட்டை. பக்கத்தில் போனதும் அந்த முக்காடு நிமிர்ந்தது.

"அண்ணாச்சி" என்றாள் ஜெயசித்ரா.

மேலத்தெரு ஜெயசித்ரா. தை மாதம் கல்யாணம் ஆகி வந்தவள். கடகத்தில் மஞ்சள் துணி, ஒரு எலுமிச்சம்பழம், வீட்டுச் சுத்தியல்.

பயம் போன இடத்தில் கோபம் வந்தது. "சவத்து மூதி, இன்னும் எத்தனையட்டி அடிச்சு எடுக்கப் போற? வண்டி வருதுட்டி."

"நான் இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கலியே அண்ணாச்சி. இப்பத்தான் வந்து உக்காந்தேன்."

டொக். டொக். டொக்.

இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள். சுத்தியல் கடகத்துக்குள்தான் கிடந்தது. தண்டவாளம் தானாக எழும்பிக் கட்டையில் அடித்துக்கொண்டிருந்தது. கொக்கியில்லாத இரும்பு. எங்கோ தூரத்தில் ஏறின வண்டியின் அதிர்வு அதற்குள் ஓடி வந்து, பல்லைக் கடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக ஊர் எதைப் பேய் என்று கட்டப் பார்த்ததோ, அந்தச் சத்தம் இதுதான். சத்தத்துக்குப் பயந்து கொக்கியைப் பிடுங்கினார்கள். கொக்கி குறையக் குறையச் சத்தம் கூடியது. கூடக் கூட இன்னும் பிடுங்கினார்கள்.

"தப்பா அண்ணாச்சி?" ஜெயசித்ரா எழுந்து நின்றாள். "எங்க மாமியார்ட்டயும் கேட்டேன், எடுத்தா வண்டிக்கு ஒண்ணும் ஆகாதான்னு. கீமேன் தெனமும் பாத்துட்டுத்தான போறாரு, தப்புன்னா மொத நாளே சத்தம் போட்டிருக்க மாட்டாரான்னு சொன்னாக."

நிற்க நேரம் இல்லை.

"தோப்புக்குள்ள எறங்கி ஊருக்கு ஓடு" என்று அவளைத் தள்ளிவிட்டு, கிழக்கே ஓடினான். ஜல்லியில் நாற்பத்தெட்டு வயசுக் கால் வழுக்கி வழுக்கி விழுந்தது. முழங்கால் பிளந்தது. வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்தது. முந்நூறு அடி, ஐந்நூறு அடி, அதற்கு மேலும் ஓடினான். தண்டவாளத்தில் காது வைக்க வேண்டிய தேவையே இல்லை. காலுக்கே தெரிந்தது. பட்டாசு டப்பாவைத் திறந்தான். தண்ணீர் பட்ட விரலுக்கு, பட்டாசைத் தண்டவாளத்தோடு மாட்டுகிற தகரப் பட்டை பிடிபடவில்லை. ஒன்றை மாட்டினான். பத்தடி தள்ளி இன்னொன்று. மூன்றாவது கையில் இருக்கும்போதே மேகத்துக்குள் ஒரு விளக்கு மஞ்சளாகப் பெரிசாகிக்கொண்டு வந்தது. சிவப்புக் கொடியை விரித்து இரண்டு கையாலும் ஆட்டினான். அந்த மேகத்தில் எவனுக்குக் கொடி தெரியும்?

முதல் பட்டாசு வெடித்தது. இரண்டாவது வெடித்தது. அவன் விலகி விழுந்தான். வண்டி அவனைத் தாண்டியது. சக்கரமும் இரும்பும் கீறிக்கொள்கிற சத்தத்தில் உலகமே கிழிகிற மாதிரி இருந்தது. படுத்தபடியே பெட்டிகளை எண்ணினான். ஒவ்வொரு பெட்டியும் முந்தினதைவிட மெதுவாகப் போனது. கடைசிப் பெட்டி அவனுக்குக் கொஞ்சம் அப்பால் போய் நின்றது.

முன்னாலிருந்து ஒரு முறிவுச் சத்தம் வந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

பிறகு ஒரு குழந்தை அழுதது. இன்னொன்று அழுதது. யாரோ யாரையோ திட்டினார்கள். அந்தத் திட்டைக் கேட்டதும் பேச்சிமுத்து ஜல்லியில் உட்கார்ந்து அழுதான்.

எஞ்சின் வளைவுக்குள் நுழைந்து நாலாவது கட்டையில் தண்டவாளம் வெளியே சாய்ந்திருந்தது. முன் சக்கரம் இரண்டும் இறங்கி ஜல்லிக்குள் முழங்கால் ஆழம் புதைந்திருந்தது. வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டதால் அதோடு போயிற்று. அதே வேகத்தில் வந்திருந்தால் ஓடைக்குள் எத்தனை பெட்டி கிடந்திருக்கும் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஆறு பேருக்குத் தலையிலும் கையிலும் காயம். உயிருக்கு ஒன்றுமில்லை.

டிரைவர் கிதிர் முகம்மது கீழே இறங்கி வந்தார். வெளிறிப்போன முகம். கட்டை கட்டையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். குனிந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார்.

"என்னவே இது" என்றார் மெதுவாக. "எலுமிச்சம்பழத்து மேல வண்டி ஓட்டச் சொல்லுதீயளா?"

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பதினொரு பேரைப் போலீஸ் விசாரிக்கக் கூட்டிப்போனது. கோடாங்கியையும் பிடித்தார்கள். ஜெயசித்ராவும் அதில் உண்டு. டி.வி.க்காரர்கள் சதி என்றார்கள். வெளியூர்க் கூட்டம் என்றார்கள். இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். சொல்கிறவனுக்கு என்ன, நாக்குக்கு எலும்பு இல்லை. மறுநாள் காலையில் மாடத்திதான் முதலில் சாக்கைத் தூக்கினாள். வீடு வீடாகப் போய் நிலைக்கு அடியில் கொத்தி எடுத்தார்கள். போனது நாற்பத்தொன்று. வந்தது முப்பத்தெட்டு. மிச்சம் மூன்று எந்த வாசலுக்கு அடியில் கிடக்கிறது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பேச்சிமுத்துவை உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். கீமேனுக்குக் காப்பி கொடுக்கிற அதிகாரியைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்.

"பெரிய காரியம் பண்ணிருக்கே" என்றார். "உயிரப் பணயம் வச்சு ஓடிருக்கே. உன் பேரை விருதுக்கு எழுதப் போறேன். முந்தின ராத்திரி யாரோ விஷமிங்க வந்து கழட்டிட்டாங்க, மறுநாள் நீ கண்டுபிடிச்சே. அவ்வளவுதானே?"

பேச்சிமுத்து காப்பியைக் கீழே வைத்தான்.

"ராத்திரி இல்ல சார். முப்பது நாளா எடுத்திருக்காக. விஷமி எவனும் இல்ல. எல்லாம் எங்க தெருப் பொம்பளைங்க. பயத்துல எடுத்தாக. தப்புன்னு அவுகளுக்குத் தெரியாது, ஏன்னா தெரிஞ்சவன் சொல்லல."

"முப்பது நாளா எடுத்திருந்தா நீ பார்த்திருப்பியே?"

"நான் அந்த எடத்துக்கே போகல சார்."

அதிகாரி ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் போட்டார். "ஜி.பி.எஸ். ரிப்போர்ட் இருக்கு. தினமும் போயிருக்கே. நீயா உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதே. வேலை போயிரும்."

"பெட்டி போச்சு சார். என் கண்ணு போகல."

அதிகாரிக்கு எரிச்சல் வந்துவிட்டது. பேனாவைத் தாளில் தட்டினார்.

"அப்போ வண்டி எதனால தடம் இறங்கிச்சுன்னு நான் எழுதட்டும்? பேயாலன்னா? எலுமிச்சம்பழத்தாலன்னா?"

"என்னாலன்னு எழுதுங்க சார்" என்றான் பேச்சிமுத்து. "பயம் யாருக்கும் வரும். எனக்குப் பயமா இருக்கு, வேற ஆளப் போடுங்கன்னு நான் சொல்லிருந்தா ரெண்டு பேரு சிரிச்சிருப்பாக, அதோட முடிஞ்சிருக்கும். நான் சொல்லல. பாத்தேன்னு எழுதினேன். நான் பாக்கேன்னு ஊரு நம்புச்சு, ஆபீசு நம்புச்சு, டிரைவரு நம்புனாரு. அவ்வளவு பேரும் என் கண்ண நம்பித்தான் தங்க கண்ண மூடிக்கிட்டாக. பாக்காத ஒண்ண பாத்தேன்னு ஒருத்தன் என்னைக்கு எழுதுதானோ, அன்னைக்கே வண்டி தடம் எறங்கிருது சார். சக்கரம் எறங்குதது பொறவுதான்."